குதிரை மேல் சண்டை, தரையில் மல்லுக்கட்டு: டிஎம் மேசைக்குச் சில கணக்குகள்

தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்த எந்த டிஎம்முக்கும் (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டும் கதை ஆட்டத்தை நடத்துபவர்) ஆநிரை மீட்புதான் அடுத்த ஆட்டமாகத் தோன்றும். தகடூர் எல்லையில் மாட்டை ஓட்டிப் போகிறார்கள், நாலு பேர் குதிரையில் துரத்துகிறார்கள். முதல் ரவுண்டு ஜோராகப் போகும். இரண்டாவதில் ஒருவன் குதிரைக்காரனின் காலைப் பிடிப்பான். அங்கே ஆட்டம் நின்றுவிடும். கீழே இருப்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதி.

முதலில் அளவு. ஒரு அங்குலக் கட்டம் 5 அடி. குதிரை ‘லார்ஜ்’ (பெரிய அளவு, 10 அடிச் சதுரம்), அதனால் 2 அங்குலச் சதுர அட்டை ஒன்று வெட்டி, வீரனுக்கு அதன் மேல் ஒரு நாணயம் வையுங்கள். குதிரையின் வேகம் 60 அடி, 12 கட்டம். டாஷ் (இரட்டை ஓட்டம்) போட்டால் 24. சார்ட் பேப்பரின் நீளம் சுமார் 28 அங்குலம்தான், ஆக ஒரே டர்னில் குதிரை மேப்பின் மறுமுனையை நெருங்கிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குன்றுகள் மாதிரி பாறைகளைப் பரப்பி ‘கடின நிலம்’ என்று அறிவியுங்கள்: ஒரு கட்டத்துக்கு இரண்டு கட்டச் செலவு.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உங்கள் வேகத்தில் பாதி போகும். 30 அடிக்காரனுக்கு 15. பழகிய குதிரையை அடக்கி ஓட்டினால் அது உங்கள் இனிஷியேட்டிவிலேயே (ஆடும் வரிசையிலேயே) நகரும். டாஷ், டிஸ்எங்கேஜ் (அடிபடாமல் விலகுதல்), டாட்ஜ் (தற்காப்பு) தவிர வேறு ஆக்‌ஷன் கிடையாது. குதிரை டிஸ்எங்கேஜ் செய்தால் மேலிருப்பவனும் தப்பினான், அவன் தன் காலால் நகரவில்லையே. செய்யாவிட்டால், ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (எட்டும் தூரத்திலிருந்து விலகுபவன் மேல் விழும் இடை அடி) அடிப்பவன் குதிரையையோ ஆளையோ தேர்ந்தெடுக்கலாம். சவாரிக் குதிரைக்கு 13 உயிர்ப்புள்ளிதான், புத்தியுள்ள எதிரி குதிரையைத்தான் அடிப்பான்.

இனி பிடி. கிராப்பிளுக்கு (ஆளைப் பிடித்து வைப்பதற்கு) ஒரு கை காலியாக இருக்க வேண்டும். வாளும் கேடயமும் வைத்திருப்பவன் வாளைக் கீழே போடட்டும். ஒரு அட்டாக்குக்குப் பதிலாக அத்லெடிக்ஸ் (உடல்வலுத் திறன்) பகடை போட வேண்டும். எதிராளி அத்லெடிக்ஸ் அல்லது அக்ரோபாட்டிக்ஸ் (உடல் லாகவத் திறன்), எது வேண்டுமோ அதைப் போடுவான். தன்னைவிட ஒரு அளவு பெரியதுவரை பிடிக்கலாம், அதனால் ‘லார்ஜ்’ அளவுள்ள எருதும் சரி. ஆனால் எருதை இழுத்துப் போக வேகம் பாதியாகும். இரண்டு பொம்மைக்கும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் யார் யாரைப் பிடித்தார்கள் என்பது மறக்காது.

அடிக்கடி சிக்கும் இடம்:

“அண்ணா, நான் பிடிச்சாச்சு. குதிரை ஓடுனா?”

பிடிபட்டவனின் வேகம்தான் 0, குதிரையுடையது அல்ல. வேகம் 0 ஆனவனால் இறங்கவும் முடியாது. பெரும்பாலோர் இதைத் தவறவிடுகிறார்கள். குதிரை ஓடும்போது என்ன ஆகும் என்பதற்கு விதியில் நேரடி பதில் இல்லை. எங்கள் தீர்ப்பு: இருவரும் மறுபடி அத்லெடிக்ஸ். பிடித்தவன் ஜெயித்தால் குதிரைக்காரன் அவன் காலடியில் ப்ரோன் (தரையில் விழுந்த நிலை). தோற்றால் பிடி விட்டது. ஆட்டம் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் சண்டை மேசைக்கு வந்துவிடும்.

பிடிக்காமலே கவிழ்ப்பது சுலபம். ஆளை ஷவ் செய்து (தள்ளி) ப்ரோன் ஆக்கினால், அவன் டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்பிக்கும் பகடை) போட்டு 10 எட்ட வேண்டும். தவறினால் 5 அடிக்குள் விழுவான். குதிரையையே கவிழ்த்தால் ரியாக்‌ஷன் (ரவுண்டுக்கு ஒரே உடனடிச் செயல், ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கும் இதில்தான்) செலவழித்து நின்றபடி இறங்கலாம். அந்த ரவுண்டில் ரியாக்‌ஷன் ஏற்கனவே போயிருந்தால் விழுவான். அதனால் முதலில் அவனை ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் அடிக்க வைத்துவிட்டு, பிறகு குதிரைக்குப் போங்கள். போர்க்குதிரையின் ஸ்ட்ரெங்த் போனஸ் +4, சாதாரண ஆளால் அசைப்பது கடினம்.

விழுந்தவனைப் பிடித்தும் வைத்தால் எழவே முடியாது, எழ வேகம் வேண்டும். ஐந்தாம் லெவல் ஃபைட்டர் இதை ஒரே டர்னில் முடிப்பான்: முதல் அட்டாக் கிராப்பிள், அடுத்தது ஷவ். விழுந்தவனை அடிக்க, பக்கத்தில் நிற்பவர்களுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் பெரியது). தூரத்து வில்லாளிக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டில் சிறியது). வில்லாளி முகம் சுளிப்பார், முன்னாலேயே எச்சரியுங்கள்.

2024 பதிப்பில் எதிர்ப்போட்டி கிடையாது: எதிராளி ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி சேவ் போடுவான், இலக்கு 8, பிடிப்பவனின் ஸ்ட்ரெங்த் போனஸ், ப்ரொஃபிஷியன்சி (பயிற்சி) போனஸ் மூன்றும் கூட்டியது. குதிரை விழுந்தாலும் ரியாக்‌ஷன் வழி இல்லை, சேவ் மட்டுமே.