டிரெய்லரின் ஆட்டம் நின்ற விதம்

வீடாகவே மாற்றிய எங்கள் டிரெய்லர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி வேகம் 60 கிலோமீட்டரைத் தொட்டதும் பின்புறம் பாம்புபோல் நெளியத் தொடங்கியது. சக்கரங்களைச் சமன்படுத்தினேன், டயர்க் காற்றைச் சரிபார்த்தேன், பலனில்லை. இழுக்கும் வண்டிக்குப் பலம் போதாது, பெரிய வண்டியாக மாற்றிவிடுங்கள் சார் என்று மெக்கானிக் சொன்னதை நம்பி, விலைகூடப் பேசிவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும்போது ஆட்டமே இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. மாதவரத்தில் ஓர் எடைமேடையில், டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கி முனைக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்க, அம்முனையை மட்டும் நிறுத்துப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தபோது மொத்த எடை 1,200 கிலோ, கொக்கியில் 130 கிலோ; 150 லிட்டர் நிரப்பியதும் கொக்கியில் வெறும் 70 கிலோதான். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் அமர வேண்டும் என்பது இத்தகைய டிரெய்லர்களுக்கான பொதுவான கணக்கு; அதற்குக் குறைந்தால் பின்புறம் நெளியும். சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்த தொட்டியோ, நிரம்ப நிரம்ப முன்முனையை மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னால் மாற்றிப் பொருத்தியபின், நிரம்பிய நிலையில் கொக்கியில் 150 கிலோ காட்டியது. இழுக்கும் வண்டியின் கையேட்டில் கொக்கிக்குக் குறித்த வரம்புக்குள் அது அடங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். அதே சாலை, அதே வேகம், நிறைந்த தொட்டி, நெளிவு இல்லை. பழைய வண்டியே போதும் என்றானதில் பெரும் நிம்மதி.