யப்பானும் சீனாவும் வாங்கிய காட்டு மரம்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயனமண்டல (வெப்பமண்டல) வைரமர இறக்குமதியை நாடுவாரியாக ஒப்பிட நினைக்கும் கிளிநொச்சி, வவுனியா மாணவர்களுக்கு யப்பானும் சீனாவும் நல்ல சோடி. யப்பான் 1970களிலும் 80களிலும் தென்கிழக்காசியக் காட்டு மரக்குற்றிகளை வாங்கிக் குவித்தது. சீனாவோ 1998 யாங்சி ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு தன் இயற்கைக் காடுகளில் மரவெட்டைக் கட்டுப்படுத்திவிட்டு வெளிச்சந்தையில் இறங்கியது. குற்றி இறக்குமதியை வரைபாகக் கீறினால் ஒரு கோடு சரியும், மற்றது ஏறும். உடனே "யப்பான் காட்டை விட்டுவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். மிகப் பெரிய பிழை இதுதான்.

இந்தோனேசியா 1985இல் குற்றி ஏற்றுமதியை நிறுத்தி, உள்ளூரிலேயே பிளைவூட் ஆலைகளைப் பெருக்கியது. யப்பான் அந்தப் பிளைவூட்டை வாங்கத் தொடங்கியது. மரம் விழுவது நிற்கவில்லை, கப்பலில் ஏறிய வடிவம்தான் மாறியது.

முதிரைக் குற்றி அரிகிற ஆலையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் மிச்சம் விளங்கும். பட்டையோடு ஓரங்கள் கழிகின்றன. வாள் போன தடமெல்லாம் மஞ்சள் தூளாகக் கொட்டுகிறது. வெடிப்பும் பொந்தும் உள்ள துண்டுகள் விறகுக்குப் போகின்றன. பலகையாக மிஞ்சுவது பாதிக்குச் சற்று மேல். அதனால்தான் ஒரு கன மீற்றர் பலகைக்கு ஏறத்தாழ 1.8 கன மீற்றர் குற்றியும், பிளைவூட்டுக்கு ஏறத்தாழ 2.3 கன மீற்றரும் எனக் கணக்கிடுவது வழக்கம். ஒரு நாடு 100 கன மீற்றர் குற்றி வாங்குவதை விட்டு 60 கன மீற்றர் பிளைவூட் வாங்கினால், தாளில் 40 குறைந்திருக்கும். காட்டில் விழுந்ததோ 138. எல்லாவற்றையும் குற்றி அளவுக்கு மாற்றிய பிறகே கோடு கீறுங்கள். எந்தப் பெருக்கெண்ணால் மாற்றினீர்கள் என்பதையும் கீழே எழுதிவிடுங்கள்.

மரக்குற்றிகளுக்கான சுங்கக் குறியீடு 4403ஐ முழுதாக எடுப்பதும் ஆபத்து. அதில் ரஷ்யாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சீனாவுக்குப் போகும் ஊசியிலை மரமும் அடக்கம். அயனமண்டல மரங்களுக்கான உட்பிரிவுகளை மட்டும் எடுக்க வேண்டும். சுங்கக் குறியீடுகளின் 2022 திருத்தத்தில் தேக்குக்குத் தனிக் குறியீடு வந்ததால் "ஏனைய அயனமண்டல மரம்" என்ற வரிசை அந்த ஆண்டில் குறைந்து தெரியலாம். அதை வீழ்ச்சியென்று எண்ண வேண்டாம்.

பணப் பெறுமதியை நம்பாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 இலங்கை ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அந்த ஆண்டின் இலங்கைக் கணக்கை ரூபாவில் பார்த்தால், வந்த மரம் குறைந்தாலும் கோடு ஏறக்கூடும்.

இறக்குமதி வேறு, பாவனை வேறு. சீனா வாங்கிய மரத்தின் ஒரு பகுதி பிளைவூட்டாகவும் தளபாடமாகவும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும், யப்பானுக்கும்கூடப் போகிறது. அதைக் கழிக்காமல் சீனாவை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. 140 கோடி மக்களையும் 12 கோடி மக்களையும் ஆள்வீதம் பிரிக்காமல் ஒப்பிடுவதும் அப்படித்தான்.

ஏற்றுமதி செய்த நாட்டின் கணக்கையும் வாங்கிய நாட்டின் கணக்கையும் அருகருகே வையுங்கள். மியன்மாரிலிருந்து சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குத் தரைவழி போன மரத்தில் இரண்டும் ஒத்துவரவில்லை. வன்னியில் முதிரைக் குற்றி ஏற்றிய வாகனம் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. பிடிபடாதது எந்தப் புள்ளிவிபரத்திலும் இல்லை. இலங்கை 1990இல் இயற்கைக் காடுகளில் மரவெட்டை நிறுத்தியது. போருக்குப் பின் இங்கே எழுந்த வீடுகளுக்கு நிலையும் கதவும் எங்கிருந்தோ வரத்தானே வேண்டியிருந்தது? தடை போட்ட நாட்டின் தேவை இன்னொரு காட்டில் போய் விழுவதை நாங்கள் கவலையோடு பார்க்க வேண்டும்.

தொடக்க ஆண்டிலும் கவனம் தேவை. உலகப் பொருளாதாரம் படுத்திருந்த 2009இலிருந்து தொடங்கினால் எந்த நாடும் பாய்ந்து ஏறியதுபோல் தெரியும். மூன்று ஆண்டுச் சராசரி எடுப்பது நல்லது. இந்தோனேசியாவின் 1985, சீனாவின் 1998, ஆபிரிக்க நாடான காபோன் குற்றி ஏற்றுமதியைத் தடுத்த 2010, மியன்மார் தடுத்த 2014 ஆகியவற்றை வரைபிலேயே நிலைக்குத்துக் கோடுகளாகக் கீறி, ஒவ்வொன்றின் இருபுறமும் குற்றி, பலகை, பிளைவூட் மூன்றும் எப்படி மாறின என்று பாருங்கள்.