பழைய பாய்மரப் படகில் பில்ஜ் நாறுகிறதா? பெயிண்ட் டப்பாவைத் தள்ளி வையுங்கள்

கேபின் தரைப்பலகையைத் தூக்கினால் கீழே தெரியும் பள்ளம்தான் பில்ஜ். படகுக்குள் எது சிந்தினாலும் கசிந்தாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். 1970களில் கட்டிய ஒரு கேட்டலினா 27 பாய்மரப் படகு என் கைக்கு வந்தபோது, அதன் பில்ஜில், டீசல், இன்ஜின் ஆயில், தலைமுடி, கழிவறைத் தண்ணீர் எல்லாம் கலந்து கறுப்புக் கூழாகக் கிடந்தது. மேலோட்டமாகத் துடைத்துவிட்டு பெயிண்ட் அடித்தேன். அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

முதலில் மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை இருந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் பில்ஜில்தான் தங்கும், ஒரு பொறி போதும். எல்லாவற்றையும் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். வாசனை போன பிறகு பில்ஜ் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றுங்கள், ஏனென்றால் பல படகுகளில் இந்தப் பம்ப் மெயின் சுவிட்சைத் தாண்டி நேராக பேட்டரியில் இணைந்திருக்கும், நீங்கள் சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் அதுபாட்டுக்கு எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். படகு தண்ணீரில் நின்றால், கிளம்பும்போது ஃபியூஸை மறக்காமல் திரும்பப் போடுங்கள்!

அப்புறம் எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளைத் தாள்களை மேலே பரப்பி மிதக்கும் எண்ணெயை எடுங்கள். அடியில் உள்ள கூழை மக்கால் அள்ளி வாளியில் சேருங்கள். மிச்சத்துக்கு பில்ஜ் கிளீனரும் வெந்நீரும் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டால், படகு ஆடுகிற ஆட்டமே பாதி வேலையை முடித்துவிடும். சோப்பு போட்டால் எண்ணெய் மறைந்த மாதிரி தெரியும், ஆனால் அது அங்கேயேதான் இருக்கிறது. அமெரிக்காவில் நீரில் எண்ணெய்ப் படலம் தெரிந்தாலே சட்ட மீறல், அதை சோப்பால் கரைத்து மறைப்பதும் அப்படித்தான். அதனால் அந்த எண்ணெய்த் தண்ணீரை டப்பாவில் பிடித்து, படகுகள் நிறுத்தும் துறையான மெரினாவின் கழிவு எண்ணெய்த் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். பில்ஜின் தடுப்பறைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் சிறு துளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பெடுங்கள். பிளீச்சை அமோனியாவோடும் அமிலத்தோடும் கலக்கவே கூடாது.

சரி, சுத்தம் ஆகிவிட்டது. ஆனால் அழுக்கு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு ஹோஸ் இணைப்புக்கும் வால்வுக்கும் கீழே செய்தித்தாள் விரித்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள், நனைந்த தாள் காட்டிக்கொடுத்துவிடும். பழைய மாதிரி கிளாண்ட் பேக்கிங் (தண்ணீர் உள்ளே வராமல் சுற்றி அடைத்த திரி) உள்ள புரொப்பெல்லர் ஷாஃப்ட், சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விடுவது சகஜம், நின்றபின்னும் சொட்டினால் கவனிக்க வேண்டும். கழிவறை ஹோஸுக்கு ஒரு தனிச் சோதனை: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஹோஸ்மேல் சுற்றி, ஆறியதும் துணியை மோந்து பாருங்கள். நாறினால் ரப்பருக்குள்ளேயே நாற்றம் ஊறிவிட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை. எனக்கு அதுதான் குற்றவாளி.

பெயிண்டுக்கு முன் வரிசை முக்கியம். முதலில் எண்ணெயை அசிட்டோனால் துடையுங்கள், கதவுகள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்போ பொறியோ கூடாது. அதன் பிறகுதான் 80 நம்பர் உப்புத்தாள். மாற்றிச் செய்தால் எண்ணெயைப் படகின் ஃபைபர்கிளாஸுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்ப முதலிலிருந்து. தகடுபோல் பரவினால் நன்றாகக் காயவைத்து, விரிசல்களை எப்பாக்சிப் பசையால் அடைத்து, அது இறுகியதும் மேலே படியும் பிசுபிசுப்பைத் தண்ணீரால் கழுவித் தேய்த்துவிட்டு பெயிண்ட் அடியுங்கள். படகின் அடியில் இருக்கும் கனமான கீலைப் பிடித்திருக்கும் கீல் போல்ட்டைச் சுற்றித் துரு வடிந்திருந்தால் மட்டும் மேலே பூசி மறைக்காமல், படகைச் சோதிக்கும் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

பெயிண்ட் காய்ந்ததும் ஃபியூஸைப் போட்டு, ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றி, மிதவை சுவிட்ச் எழும்பிப் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள்.