யாழ்ப்பாண மாவட்ட ஆசனங்களை நீங்களே கணக்குப் போடுவது எப்படி

தேர்தல் இரவில் நல்லூர் முடிவு வந்துவிட்டது, கிளிநொச்சி வந்துவிட்டது என்று ஆளுக்காள் தொலைபேசி எடுப்பார்கள். தொகுதி முடிவை வைத்து யார் வென்றார் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். எங்கள் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் தொகுதிக்கென்று ஒருவர் தெரிவாவதில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 11 தொகுதிகளும், தபால் வாக்கும் ஒன்றாகக் கூட்டப்பட்ட பிறகுதான் ஆசனக் கணக்கே தொடங்கும். கிளிநொச்சி நிர்வாகத்தில் தனி மாவட்டம் என்றாலும் தேர்தலுக்கு யாழ்ப்பாணத்தோடுதான் சேரும்.

2024 நவம்பர் 14 தேர்தலை வைத்தே செய்து பார்ப்போம். ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் போதும்.

முதலில் இரண்டு எண்களை மேலே எழுதிக்கொள்ளுங்கள். செல்லுபடியான வாக்கு 325,312. ஆசனம் 6. இந்த ஆறை வடிவாகக் கவனியுங்கள்: 2020 இல் ஏழு இருந்தது. பதிவுசெய்த வாக்காளர் தொகையைப் பார்த்துத்தான் மாவட்டங்களுக்கு ஆசனம் பிரிப்பதால், சனம் வெளியேற வெளியேற எங்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. பழைய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் பிழைத்துவிடும்.

அடுத்தது வெட்டுப்புள்ளி. செல்லுபடியான வாக்கில் 5 வீதம் எடுக்காத கட்சியும் சுயேச்சைக் குழுவும் கணக்கிலிருந்தே வெளியே போகும். 325,312 இல் 5 வீதம் ஏறத்தாழ 16,266. ஐக்கிய மக்கள் சக்தி 15,276 வாக்கு எடுத்தும் இங்கே வெட்டுப்பட்டது. தப்பியவை ஆறு: தேசிய மக்கள் சக்தி 80,830, வீடு (தமிழரசுக் கட்சியின் சின்னம்) 63,327, சைக்கிள் (அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ்) 27,986, வைத்தியர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழு 17 க்கு 27,855, சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 22,513, வீணை (ஈ.பி.டி.பி.) 17,730. கூட்டினால் 240,241. மிச்சம் 85,071 வாக்கு, அதாவது கால்வாசிக்கும் மேல், ஆசனக் கணக்குக்குள் வரவே இல்லை. அத்தனை சுயேச்சைக் குழுக்கள் போட்டியிட்டதன் விலை இது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

மூன்றாவது, போனஸ். மாவட்டத்தில் முதலாவதாக வந்த கட்சிக்கு ஓர் ஆசனம் எடுத்த எடுப்பிலேயே போகும். அது தேசிய மக்கள் சக்திக்கு. மிஞ்சியது ஐந்து.

இப்போது 240,241 ஐ 5 ஆல் பிரியுங்கள். 48,048.2 வரும். முழு எண்ணாக வராவிட்டால் அடுத்த முழு எண்ணை எடுக்க வேண்டும் என்பது விதி, ஆகவே 48,049. இதுதான் ஓர் ஆசனத்தின் பெறுமதி. இந்த எண் ஒவ்வொரு கட்சியின் வாக்குக்குள்ளும் எத்தனை தரம் போகிறது என்று பாருங்கள். தேசிய மக்கள் சக்திக்கு ஒரு தரம் போய் மிச்சம் 32,781. வீட்டுக்கும் ஒரு தரம், மிச்சம் 15,278. மற்ற நான்குக்கும் ஒரு தரமும் போகாது. அவர்களுடைய வாக்கு முழுவதும் மிச்சமாகவே நிற்கும்.

இரண்டு ஆசனம் போய்விட்டது, மூன்று இருக்கிறது. மிச்ச வாக்குகளைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு நிரலில் எழுதுங்கள்: 32,781, 27,986, 27,855, 22,513, 17,730, 15,278. மேலே உள்ள மூன்றுக்கும் ஒவ்வோர் ஆசனம். அதாவது தேசிய மக்கள் சக்திக்கு இன்னொன்று, சைக்கிளுக்கு ஒன்று, சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. முடிவு 3, 1, 1, 1. அறிவித்ததும் இதேதான்.

எங்கள் மாமி இதை ஏற்கவே மாட்டேன் என்றார். “வீட்டுக்குச் சைக்கிளைப்போல ரெண்டு மடங்குக்கு மேல வாக்கு. எப்படி ரெண்டு பேருக்கும் ஒண்டு?” நியாயமான கேள்வி. கொப்பியில் அந்த மிச்ச நிரலைக் காட்டினேன். வீடு தன் வாக்கில் பெரும்பகுதியை முதல் ஆசனத்துக்கே கொடுத்துவிட்டு 15,278 உடன் கடைசியில் நிற்கிறது. சைக்கிள் முழு வாக்கோடும் வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தைப் போல வாக்குப் பிரிந்து கிடக்கும் மாவட்டத்தில் ஆசனத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த மிச்ச நிரல்தான்.

கணக்குப் பிடிபட்டதும் இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். வீடும் சங்கும் ஒரே பட்டியலில் வந்து, அதே வாக்கு அப்படியே விழுந்திருந்தால்? 85,840. முதலிடம் மாறும், போனஸும் கூடவே மாறும். பிரித்தால் ஒரு தரம், மிச்சம் 37,791, அதற்கும் ஓர் ஆசனம். மொத்தம் மூன்று. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, சைக்கிளுக்கு ஒன்று. சுயேச்சைக் குழுவோ சைக்கிளைவிட 131 வாக்கு குறைந்ததால் வெளியே. சேர்ந்து கேட்டால் வாக்காளர் அப்படியே வருவார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, சரி. ஆனால் தமிழ்க் கட்சிகள் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்று ஊரில் பெரியவர்கள் தலைதலையாய் அடித்துக்கொண்டது வெறும் உணர்ச்சிக் கதை இல்லை.

கட்சிக்கு எத்தனை என்று தெரிந்த பிறகுதான் ஆட்கள். அதற்கு விருப்பு வாக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் தான் புள்ளடி (X) போட்ட பட்டியலுக்குள் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு இடலாம். ஆகவே அதைக் கட்சிக்குள் மட்டும் ஒப்பிடுங்கள், கட்சி விட்டுக் கட்சி ஒப்பிடுவதில் பொருள் இல்லை. வீட்டுக்குக் கிடைத்த அந்த ஒன்று சிறீதரனுக்குப் போனது, அதே பட்டியலில் நின்ற சுமந்திரன் தெரிவாகவில்லை.

முடிவுத் தாளின் அடியில் இருக்கும் நிராகரிக்கப்பட்ட வாக்கையும் விடாமல் பாருங்கள். அந்த முறை 32,767. சைக்கிளும் சுயேச்சைக் குழுவும் தனித்தனியாக எடுத்ததைவிட அதிகம். இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டால் வாக்கே போய்விடும். ஆனால் ஒரு கட்சிக்குப் போட்டுவிட்டு மூன்றுக்கு மேல் விருப்பு இலக்கத்தைக் குறித்தால் விருப்பு வாக்கு மட்டும்தான் போகும், கட்சிக்கு விழுந்தது நிற்கும். இதை வாக்களிக்கப் போகும் முன்பே வீட்டில் உள்ள வயதானவர்களுக்கும், முதல்முறை வாக்களிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பழைய மாதிரி வாக்குச்சீட்டை வைத்துக் காட்டிவிடுங்கள்.