மொட்டைமாடியிலிருந்தே செயற்கைக்கோள் படம் பெறும் முறை

கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதியில் வசிப்போருக்குக் கிழக்கு வானம் தொடுவானம் வரை மறைப்பின்றித் திறந்திருப்பதால், ரஷ்யாவின் மெட்டியோர் எம்2-4 வானிலைச் செயற்கைக்கோள் 137 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்பும் படங்களைத் தாமே பெறுவது கடினமான செயலன்று.

முதலில் சுமார் 53 செ.மீ. நீளமுள்ள இரண்டு அலுமினியக் கம்பிகளை, இடையே 120 பாகைக் கோணம் அமையுமாறு, தரைக்கு இணையாகப் பொருத்துங்கள்; இந்த V வடிவமே ஆன்டெனா. விரிந்த பக்கம் வடக்கையோ தெற்கையோ நோக்கட்டும். கோஆக்சியல் கேபிளின் (நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோகப் பின்னலும் கொண்ட கேபிள்) நடுக்கம்பியை ஒன்றிலும், வெளிப்பின்னலை மற்றொன்றிலும் இணைக்க வேண்டும். இந்த இணைப்பில்தான் மிகுந்த கவனம் தேவை. உப்புக்காற்று பட்டால் கேபிளின் செம்பில் விரைவில் பச்சைக் களிம்பு ஏறிவிடும்; என் முதல் ஆன்டெனா ஒரே மழைக்காலத்தில் அப்படித்தான் செவிடாயிற்று. ஆகவே இணைப்பை ரப்பர் டேப்பால் நீர் புகாதவாறு இறுகச் சுற்றுங்கள்.

கேபிளின் மறுமுனையை ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் யுஎஸ்பி ரேடியோ வழியாகக் கணினியில் இணையுங்கள். செயற்கைக்கோள் வானில் கடக்கும் நேரத்தை ஜிபிரெடிக்ட் கணித்துத் தரும். சிக்னலைப் படமாக்குவது சாட்டம்ப்பின் வேலை. இரண்டுமே திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்துள்ள) மென்பொருள்கள். சுமார் 820 கி.மீ. உயரத்தில் செல்லும் செயற்கைக்கோள் ஏறத்தாழ கால் மணி நேரமே தென்படும் என்பதால், அது தொடுவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் உயரும் வேளைகளையே தொடக்கத்தில் தேர்ந்தெடுங்கள். வங்கக்கடல் மேகங்கள் வரிவரியாகத் திரையில் விரியும் அக்கணம் உண்மையிலேயே மெய்சிலிர்க்க வைக்கும்.

பழகியபின், கிரேக்கத்தின் லிப்ரே ஸ்பேஸ் அறக்கட்டளை நடத்தும் சாட்நாக்ஸ் என்னும், செயற்கைக்கோள் சிக்னல் பெறும் தரை நிலையங்களின் திறமூல வலையமைப்பில் உங்கள் நிலையத்தை இணைத்தால், மாணவர்கள் உருவாக்கிய கியூப்சாட்டுகள் என்னும் சிறு செயற்கைக்கோள்களின் தரவையும் சேகரித்துத் தரலாம்.