மலையகத்துல முதல் காணி, முதல் வீடு வாங்குறப்போ நாம விடுற பிழைகள்

போன மாசம் எங்க மாமா மகன் ஒருத்தன் ஹட்டன் டவுனுக்கு வந்தவன், ரோல்ஸும் பிளேன்டீயும் சொல்லிட்டு பையிலேருந்து ஒரு கவரை எடுத்து மேசையில வெச்சான். "அண்ணே, காணி வாங்கிட்டேன், 8 பேர்ச்சஸ்." மூஞ்சியெல்லாம் சிரிப்பு. கட்டார்ல நாலு வருஷம் வெயில்ல நின்ன காசு. விரிச்சுப் பார்த்தா ஒரு வெள்ளைத் தாள், முத்திரை ஒட்டி வித்தவரு கையெழுத்து வெச்சிருக்காரு, ரெண்டு சாட்சி, கீழ ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருத்தரோட சீல். நொத்தாரிசு (உறுதி எழுத அதிகாரம் உள்ள லோயர்) பேரு எங்கயும் இல்ல, பிளான் நம்பர் இல்ல, எல்லைன்னு எழுதின எடத்துல "மேற்கே பலா மரம்"னு இருக்கு. நான் ஒண்ணும் பேசல, டீயக் குடிச்சு முடிக்கட்டும்னு விட்டேன்.

அவனைக் குத்தம் சொல்லி என்ன செய்ய. தாத்தா காலத்துலேருந்து நாம இருந்த லயத்துக் காம்பராவுக்கு ஒப்பு, அதாவது உரிமை உறுதின்னு ஒண்ணு கிடையாது, தோட்டத் துரை இருன்னா இருந்தோம். அதனால "இது இனி உன் பேர்ல"ன்னு யாராச்சும் சீல் குத்தின தாளை நீட்டினா நமக்கு கண்ணு நிறைஞ்சிடுது, படிச்சுப் பார்க்கத் தோணுறதில்ல. வீடு ஏலத்துக்குப் போன கதை, வட்டிக்காரன் கைக்குப் போன கதைன்னு நான் கேட்டதையெல்லாம் நோண்டிப் பார்த்தா, அத்தனையும் கையெழுத்து வெச்ச அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கு.

சரி, அந்த வெள்ளைத் தாளுக்கே வருவோம். இலங்கையில காணி கைமாறணும்னா நொத்தாரிசு முன்னாடி, ரெண்டு சாட்சி வெச்சு எழுதின உறுதி வேணும், இது 1840ல வந்த மோசடித் தடுப்புச் சட்டத்துலேருந்து இருக்கிற விஷயம், அதாவது இங்க தேயிலை வர்றதுக்கு முந்தி கோப்பிக் காலத்துச் சட்டம். ஜே.பி. சீலு அதுக்கு ஈடாகாது. எழுதின உறுதிய காணிப் பதிவகத்துல பதிஞ்சிடவும் வேணும், ஏன்னா ஒரே காணிய ரெண்டு பேருக்கு வித்திருந்தா சாதாரணமா முதல்ல பதிஞ்சவரு பக்கம்தான் சட்டம் சாயும். நேத்து எழுதினேன், அடுத்த மாசம் பதிஞ்சுக்கலாம்னு லோயர் ஒபீஸ்லயே ஒப்பைப் போட்டு வைக்கிற பழக்கம் நம்மகிட்ட நிறைய இருக்கு, அத விட்டுடுங்க.

வாங்க முன்னாடி பதிவகத்துல பழைய பதிவெல்லாம் எடுத்துப் பார்க்கணும், பேங்க் லோயருங்க வழக்கமா 30 வருஷத்துக்குப் பின்னோக்கிப் போவாங்க. யார் யார் கையில இருந்துச்சு, ஈடு வெச்சிருக்கா, கேவியட் (உரிமை கோரி யாராச்சும் பதிஞ்ச எச்சரிக்கை) போட்டிருக்கா, செத்துப்போன அப்பா பேர்லயே கிடந்து அஞ்சு பிள்ளைங்கள்ல ஒருத்தர் மட்டும் வித்துட்டாரா, எல்லாம் அங்க தெரியும். இதுக்கு வித்தவரோட லோயரையே புடிச்சுக்காதீங்க. "ரெண்டு பேருக்கும் நானே பார்க்கிறேன், காசு மிச்சம்"னு புறோக்கர் சொல்லுவாரு, மிச்சம் அவருக்குத்தான்.

இன்னொன்னு, எல்லாக் காணியும் ஒரே ஜாதி இல்ல. சின்னக்கர ஒப்பு, அதாவது முழு உரிமை தர்ற ஒப்பு இருக்கிற தனியார் காணி ஒண்ணு. 1935ம் வருஷத்துக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ அரசாங்கம் குடுத்த பேமிட் (அனுமதிப்பத்திர) காணி, ஸ்வர்ணபூமி, ஜயபூமி மாதிரி அளிப்புக் காணி வேற ரகம், அதையெல்லாம் பிரதேச செயலாளரோட எழுத்துமூல சம்மதம் இல்லாம விக்க முடியாது, அதைக் காட்டி பேங்க்ல லோன் எடுக்கவும் நினைச்ச மாதிரி நடக்காது. மூணாவது தோட்டக் காணி. 1992ல கம்பனிங்க கையில நிர்வாகம் போனாலும் நிலம் அரசாங்கத்துது, கம்பனிக்கு குத்தகைதான். தோட்டத்துல 7 பேர்ச்சஸ்ல தனி வீடு கிடைச்சவங்கள்ல இன்னும் ஒப்பு கைக்கு வராதவங்க எத்தனையோ பேர், அப்படி ஒருத்தர் அவசரத்துக்கு "எழுதித் தர்றேன் நீங்க இருந்துக்குங்க"ன்னா, நீங்க வாங்குறது அவரோட வாய் வார்த்தைய மட்டும்தான். மாமா மகன் வாங்கினதும் இந்த மூணாவது ரகம்னு பிளேன்டீ ஆறுறதுக்குள்ள தெரிஞ்சு போச்சு.

பாஷை. இத நான் பெரிசா சொல்லணும். நுவரெலியா, பதுளைப் பக்கம் ஒப்பு அநேகமா சிங்களத்துல, இல்லாட்டி இங்கிலீஷ்ல வரும், நாம தலைய ஆட்டிட்டு கையெழுத்து வெச்சிட்டு வந்துடுவோம். வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சு விளங்கப்படுத்த வேண்டியது நொத்தாரிசோட கடமை, கேக்கிறதுல வெக்கமே இல்ல, தமிழ்லயே எழுதித் தரச் சொல்லவும் முடியும். எங்க அத்தைக்கு ஐடென்டி கார்ட்ல ஒரு பேரு, பொறப்பு சேட்டிபிக்கட்ல அப்பா பேரு வேற எழுத்து, ஒப்புல சிங்களத்துல எழுதினப்போ மூணாவதா ஒரு பேரு. பதினோரு வருஷம் கழிச்சு லோனுக்குப் போனப்பதான் "இந்த ஒப்புல இருக்கிறவங்க யாரு"ன்னு பேங்க்ல கேட்டாங்க. அத்தை "நான்தான்யா"ன்னு நின்னிருக்காங்க, நம்பவைக்க சத்தியக்கடதாசி, ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், திருத்த உறுதின்னு அலைஞ்சு ஓய்ஞ்சாங்க. ஐடென்டி நம்பரையும் பேரையும் மட்டுமாவது எழுத்துக்கு எழுத்து விரல வெச்சுப் பாருங்க.

இப்ப நிலம். சமவெளிக்காரங்களுக்கு இல்லாத தலையிடி நமக்கு. 1 பேர்ச்சஸ்னா 272.25 சதுர அடி, ஆனா சேர்வேயர் அளக்கிறது படத்துல தட்டையா விரிச்ச அளவு, சரிவுல நடந்து பார்த்தா 10 பேர்ச்சஸ் பெருசா தெரியும், வீடு கட்ட மட்டம் வெட்டினா பாதி மேட்டுக்கும் பாதி பள்ளத்துக்கும் போயிடும். காணி மலிவுன்னு எடுத்துட்டு கருங்கல் கட்டுக்கு வீட்டுச் செலவுல பெரிய பங்க கொட்டினவங்கள எனக்குத் தெரியும், அத்திவாரம் முடியுற நேரம் லோன் காசும் முடிஞ்சிருக்கும். கூரை இல்லாத வீட்டுக்கு மாசக் கட்டணம் கட்டுறது எவ்வளவு கொடுமைன்னு யோசிச்சுப் பாருங்க.

மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்கள்ல கட்டுறதுக்கு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தோட சிபாரிசு வேணும், பிரதேச சபை பிளானுக்கு அனுமதி குடுக்க முன்னாடி அதக் கேக்கும். நம்ம ஆளுங்க காணிய வாங்கிட்டு அப்புறம் இதுக்குப் போறாங்க, தலைகீழ். அட்வான்ஸ் குடுக்கிற பேப்பர்லயே "சிபாரிசு கிடைக்காட்டி அட்வான்ஸ் திருப்பித் தரணும்"னு ஒரு வரி போடச் சொல்லுங்க, விக்கிறவரு அதுக்கு மொகத்தச் சுளிச்சா அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். 2014 அக்டோபர் 29 காலையில மீரியபெத்தையில லயத்தையே மண்ணு மூடினத நாம பார்த்தோம், 2025 நவம்பர்ல திட்வா புயலோட மலையகம் முழுக்க சரிஞ்சதையும் பார்த்தோம், இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும். மழைக்காலத்துல ஒரு தடவை போய்ப் பாருங்க. ஊத்து எங்க கிளம்புது, பீலித் தண்ணி யாருது, மேல் வீட்டு காண் (வடிகால்) யாரோட காணிக்குள்ள இறங்குது, சாய்ஞ்ச மரம் இருக்கா, பக்கத்து வீட்டுச் செவுத்துல வெடிப்பு இருக்கா. பக்கத்து வீட்டு அம்மாகிட்ட பேச்சுக் குடுத்தா புறோக்கர் சொல்லாதது எல்லாம் அரை மணித்தியாலத்துல வந்துடும். பாதையும் அப்படித்தான், கண்ணுக்கு ரோட் இருந்தா போதாது, பிளான்லயும் ஒப்புலயும் வழி உரிமைன்னு எழுதியிருக்கணும்.

காசு விஷயத்துல முதல் பிழை, காணி விலைய மட்டும் கணக்குப் போடுறது. 40 லட்சத்துக்கு வாங்கினா முத்திரைத் தீர்வை முதல் 1 லட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%, ஆக 1,59,000 ரூபா, அதுக்கு மேல லோயர் பீஸ், பிளான், பேங்க் வேலுவேஷன், காப்புறுதி. அத மறந்துட்டு கடைசிக் கிழமையில பொஞ்சாதி தாலிக்கொடிய அடகு வெக்கிறதுதான் வழக்கமா நடக்குது. உறுதியில விலையக் குறைச்சுப் போட்டா தீர்வை மிச்சம்னு ஐடியா குடுப்பாங்க, மாகாண வருமானத் திணைக்களம் அவங்க மதிப்பீட்டுல மிச்சத்தக் கேக்கும், பேங்க் அந்தக் குறைஞ்ச விலையப் பார்த்து லோனையும் குறைக்கும், உங்களுக்கு ரெண்டு பக்கமும் அடி.

அடுத்தது மாறும் வட்டி. 30 லட்சம், 15 வருஷம், 12% வட்டின்னா மாசம் கிட்டத்தட்ட 36,000 ரூபா, அதுலயும் முதல் மாசம் 30,000 வட்டிக்கே போயிடும், 6,000தான் வாங்கின முதல் தொகையில கழியும். அதே லோன் 24%க்குப் போனா மாசம் 61,700 தாண்டிடும். ஏறுமான்னு கேக்காதீங்க, 2022 ஏப்ரல்ல மத்திய வங்கி ஒரே நாள்ல கொள்கை வட்டிய 7 சதவீதப் புள்ளி கூட்டினத மறந்துட்டோமா. முதல் ரெண்டு வருஷம் மட்டும் நிலையான வட்டி தர்ற லோனை "பிக்ஸ்ட்"னு சொல்லி விப்பாங்க, அதுக்கப்புறம் எதைப் பார்த்து மாத்துவீங்கன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. இன்னைக்கு கட்டணத்தோட அரைவாசிய கூட்டிப் பாருங்க, அதையும் கட்டி மாசக் கடைசியில அரிசி வாங்க முடியுமான்னு வீட்டுல உக்காந்து பேசுங்க. ஓவர்டைமையும் கைக்காசையும் வருமானத்துல சேர்க்காதீங்க.

ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு பத்தி எல்லாரும் கேப்பாங்க. வீட்டுக்குன்னு 30% எடுக்கலாம், 10 வருஷ வேலையும் கணக்குல குறைஞ்சது 3 லட்சமும் இருக்கணும். ஈ.பி.எஃப்.ஐ பிணையா வெச்சு வீட்டு லோன் எடுக்கிற வழியும் இருக்கு. ரெண்டாவதுல கட்டாம விட்டா வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்கன்னு ஒரு தைரியம், ஆனா அந்தக் காசு ஓய்வூதியம் இல்லாத நம்ம அம்மா அப்பாவோட கடைசிக் காலத்துலேருந்து கழியும். அப்புறம் கிரிப், அதாவது நம்ம கடன் வரலாறு எல்லாம் வெச்சிருக்கிற கடன் தகவல் பணியகம். மச்சானுக்கு த்ரீவீலர் லீசிங்குக்கு பிணை போட்டிருந்தா அதுவும் உங்க கிரிப்ல இருக்கும், அவரு கட்டலன்னா உங்க வீட்டு லோன் அங்கயே நிக்கும். லோனுக்குப் போக முன்னாடி உங்க கிரிப் ரிப்போர்ட்ட நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

இனி கட்ட முடியாம போனா. இங்கதான் ஆளுங்க பேய்க்குப் பயந்து பிசாசுகிட்ட போறது. ரெண்டு மாசம் தவறின உடனே பேங்க் போனை எடுக்கிறதில்ல, வட்டிக்காரர்கிட்ட ஓடுறோம், அவரு "லோனை நான் கட்டி முடிக்கிறேன், ஒப்பை மட்டும் என் பேர்ல மாத்திக் குடு, காசு குடுத்ததும் திருப்பி எழுதித் தர்றேன்"னு சொல்லுவாரு. நம்ம சொந்தக்காரர் ஒருத்தர் ராகலைப் பக்கம் அப்படித்தான் எழுதிக் குடுத்தாரு. தவணைக்குள்ள காசு கட்டினா காணியத் திருப்பி வாங்கலாம்னு எழுதின மீள்வாங்கல் உறுதின்னு நெனச்சாரு, எழுதியிருந்தது சுத்தச் சின்னக்கர ஒப்பு, தவணையே இல்ல. மீள்வாங்கலா இருந்தாலும் சொன்ன தேதி தாண்டினா காணி வட்டிக்காரருக்குத்தான், அதுவும் கொடுமை, ஆனா அதுல தேதியாச்சும் இருக்கும். கோர்ட்டுக்குப் போகலாம், நம்பிப் பொறுப்புக் குடுத்த காணிதான், வித்ததில்லன்னு வாதாடலாம், சில பேர் ஜெயிச்சும் இருக்காங்க, அதுக்குள்ள பிள்ளைங்க ஸ்கூல் முடிச்சிடும். கிழமைக் கட்டண மைக்ரோ லோன் எடுத்து பேங்க் லோனைக் கட்டுறதும் இதே குழிதான், கொஞ்சம் மெதுவா விழுவீங்க, அவ்வளவுதான்.

பேங்க் ஏலம்னா என்னன்னு தெரிஞ்சா இந்தப் பயம் பாதி போகும். 1990ம் வருஷத்து 4ம் இலக்கச் சட்டப்படி பேங்குக்கு கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுக் காணிய ஏலம் விடுற பராட்டே அதிகாரம் இருக்கு. ஆனா 2011ல திருத்தம் வந்து, வாங்கின முதல் தொகை 50 லட்சத்துக்குக் குறைஞ்ச லோனுக்கு அத பாவிக்க முடியாதுன்னு ஆக்கிட்டாங்க. நம்ம பக்கத்து வீட்டு லோன் நிறைய அந்த எல்லைக்குக் கீழதான், அப்படின்னா பேங்க் கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆகணும், அதுல பேச உங்களுக்கு நேரம் கிடைக்கும். 50 லட்சத்துக்கு மேலன்னாலும் ராவோட ராவா நடக்காது, பணிப்பாளர் சபை தீர்மானம், வர்த்தமானி, மூணு பாஷையிலயும் பேப்பர் விளம்பரம்னு வரும், ஏலத்துக்கு முந்தி நிலுவையைச் செலவோட கட்டினா நிறுத்தணும். அதனால வர்ற கடிதத்த பிரிக்காம அலுமாரிக்கு மேல போடாதீங்க. முதல் தவணை தவறப் போகுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே மெனேஜரைப் போய்ப் பாருங்க, சம்பளச் சிட்டையோட போங்க, கால எல்லைய நீட்டவோ கொஞ்ச மாசம் வட்டி மட்டும் கட்டவோ எழுத்துல கேளுங்க, பதிலும் எழுத்துல வேணும்னு நில்லுங்க. பேங்க் மதிக்கலன்னா மத்திய வங்கிக்கு 1935 நம்பருக்கு முறைப்பாடு சொல்லலாம், லோயருக்குக் காசு இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. எதுவுமே சரிவரலன்னா ஏலத்துக்கு விடாம நீங்களே நல்ல விலைக்கு வித்து லோனை அடைங்க. இத நிறைய பேர் அவமானம்னு நினைக்கிறாங்க, எனக்கு அது புத்திசாலித்தனமாத்தான் படுது, மிச்சக் காசாவது கையில நிக்கும்.

லோனோட வர்ற காப்புறுதியையும் வாசிச்சுப் பாருங்க, நெருப்புக்கு இருக்கும், மண்சரிவுக்கு இருக்கான்னு தனியாக் கேளுங்க. வீடு மண்ணுக்குள்ள போனாலும் லோன் பேங்க்ல உசுரோடதான் இருக்கும். கட்டுறவரு இறந்தா லோனை அடைக்கிற ஆயுள் காப்புறுதியில யாரு பேரு இருக்குன்னும் பாருங்க, கட்டார்லேருந்து கட்டுறது மகன், காப்புறுதி அப்பா பேர்லன்னு இருக்கிற வீடு நிறைய.

லோன் முடிஞ்சா வேலை முடிஞ்சுன்னும் இல்ல. அதே அத்தைதான், கடைசித் தவணை கட்டி, பேங்க்ல ஒரு கடிதம் குடுத்தாங்கன்னு அத சாமிப் படத்துக்குப் பின்னால சொருகி வெச்சிருந்தாங்க. ஈட்டு விடுதலை உறுதி எழுதிப் பதியவே இல்ல, பதிவகத்துல அந்தக் காணி இன்னும் பேங்குக்கு ஈட்டுலதான் நின்னுச்சு. போன கிழமை மகன் கூட்டிக்கிட்டு போய் எழுதிப் பதிஞ்சாச்சு. பழைய ஒப்பையும் புது உறுதியையும் ஒரே கவர்ல போட்டு, மேல பேரை அத்தையே எழுதினாங்க, ஐடென்டியைப் பார்த்துப் பார்த்து.