கிரேக்க, ரோமானிய நாகரிகத்தை இரண்டாவது பட்டமாகப் படிப்பது எப்படி?

கையில் ஒரு பட்டம் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஆனாலும் ஏதென்ஸும் ரோமும் விடாமல் இழுக்கின்றன. பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு எளிய வழி, 1969இல் நிறுவப்பட்ட ஓப்பன் யூனிவர்சிட்டி. வீட்டிலிருந்தே படிக்கலாம், இளங்கலையில் சேர முன்தகுதி கேட்பதில்லை. இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே பலர் ஆர அமர யோசிக்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு.

படி 1: மூலநூலைத் தொட்டுப் பாருங்கள்

பெர்சியஸ் என்ற இணைய மின்நூலகத்தில், பண்டைய ஏதென்ஸின் வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் நூல் ஆங்கில மொழிபெயர்ப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாம் நூலில் 34 முதல் 54 வரையுள்ள அத்தியாயங்களைப் படியுங்கள். 2.47 (இரண்டாம் நூல், 47ஆம் அத்தியாயம்) என்று குறித்தால் எந்தப் பதிப்பிலும் அதே இடம்தான் வரும். இத்துறையில் பக்க எண்ணைவிட இதற்கே மதிப்பு.

முதலில், போரில் இறந்தவர்களுக்காக ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸ் ஆற்றிய இரங்கல் உரை. ஏதெனியர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று பெருமிதம் பொங்குகிறது. அது முடிந்த கையோடு கி.மு. 430இன் கொள்ளைநோய். இறந்தவர்களைக் கண்டபடி புதைக்கிறார்கள். இன்னொருவர் அடுக்கிய சிதையில் தங்கள் வீட்டுப் பிணத்தை வைத்துக் கொளுத்திவிட்டு ஓடுகிறார்கள். தெய்வ பயமும் இல்லை, சட்ட பயமும் இல்லை. தானும் நோயில் விழுந்து எழுந்ததாக ஆசிரியரே சொல்கிறார்.

இப்போது ஒரு தாளில் எழுதுங்கள்: யார் எழுதியது, யாருக்காக, இரண்டையும் ஏன் அடுத்தடுத்து வைத்தார்? கண்ணால் கண்ட சாட்சி என்பதால் அப்படியே நம்பலாமா? உரையைச் சொல்லுக்குச் சொல் அவரால் நினைவில் வைத்திருக்க முடியுமா? (முடியாது என்று 1.22இல் அவரே ஒப்புக்கொள்கிறார்.) பட்டப் படிப்பில் பெரும்பகுதி இந்த வேலைதான். பொறியியலோ கணக்கியலோ படித்து வந்தவர்களுக்கு ஒற்றை விடை இல்லாதது ஆரம்பத்தில் எரிச்சலூட்டும்.

படி 2: மொழி வேண்டுமா?

மொழிபெயர்ப்பிலேயே பட்டம் முடிக்கலாம். ஆனாலும் லத்தீனைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். ‘கானிஸ் ஹோமினெம் மோர்தெத்’ என்றால் நாய் மனிதனைக் கடிக்கிறது. ‘ஹோமினெம் கானிஸ்’ என்று இடம் மாற்றினாலும் கடிப்பது நாய்தான்; ‘எம்’ என்ற ஈறு நம் இரண்டாம் வேற்றுமையின் வேலையைச் செய்கிறது. வேற்றுமை உருபோடு வளர்ந்தவர்களுக்கு இது மிரட்டலே அல்ல. கிரேக்கத்தில் 24 எழுத்துகளைப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வினைச்சொற்களின் தொல்லையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: பணமும் நேரமும்

ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு, இங்கிலாந்தில் இத்தகைய இரண்டாவது இளங்கலைக்கு அரசின் கல்விக்கடன் பொதுவாகக் கிடைக்காது. கட்டணம் முழுவதும் சொந்தப் பணம் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். பழைய படிப்பின் மதிப்பெண் சான்றிதழை அனுப்பி, கிரெடிட் மாற்றம் (முன்பு படித்ததைப் புதிய பட்டத்தின் கணக்கில் சேர்ப்பது) கிடைக்குமா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பட்டத்துக்கு மொத்தம் 360 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு). ஆண்டுக்கு 60 வீதம் எடுத்தால் ஆறு ஆண்டுகள். வாரத்துக்கு 16 முதல் 18 மணி நேரம் ஒதுக்க வேண்டும். முழுநேர வேலையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 120 எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடக்கக் கட்டத்தில் வரலாறு, இலக்கியம், தத்துவம் எல்லாம் கலந்த பொதுப் பாடங்களே பெரும்பாலும் வரும். கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமரைத் தேடி வந்தவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.